91 கையெழுத்துகள்: ஆர்தர் மில்லரின் ‘தி குரூசிபிள்’ அச்சுப் பதிப்பை முன்வைத்து

அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலுள்ள சேலம் என்ற ஊரில் 1692-இல் நடந்த சூனிய விசாரணைகளைப் பற்றி ஆர்தர் மில்லர் எழுதிய ‘தி குரூசிபிள்’ நாடகத்தை மேடையிலோ, 1996-இல் நிக்கலஸ் ஹைட்னர் இயக்கிய திரைப்படத்திலோ பார்த்தவர்களுக்குக் கிடைக்காத ஒரு பகுதி அதன் அச்சுப் பிரதியில் உண்டு. முதல் அங்கத்தில் முக்கியமான பாத்திரங்கள் உள்ளே வரும்போதெல்லாம் ஆசிரியர் உரையாடலை நிறுத்திவிட்டு, வந்தவர் யார், அவருடைய நிலபுலம் எப்படிப்பட்டது, யாரோடு அவருக்கு வழக்கு, அவருடைய மனைவி வழி உறவினருக்கு எந்தப் பதவி கிடைக்காமல் போயிற்று என்று உரைநடையில் நீளமாக எழுதிச் செல்கிறார். நாடகம் பார்க்க வந்தவருக்கு இவை தேவையில்லை. ஆனால் அச்சம் ஓர் ஊருக்குள் எந்த வழியாக நுழைகிறது, யார் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்று அறிய விரும்பும் வாசகர் இந்தப் பக்கங்களுக்காகவே நூலை வாங்கலாம்.

நான் படித்தது கிறிஸ்டோபர் பிக்ஸ்பியின் முன்னுரையோடு வந்திருக்கும் பெங்குவின் கிளாசிக்ஸ் பதிப்பு. இதற்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய பிரதி, நடிப்பதற்கென்று அச்சிடப்பட்டது. அதில் உரையாடலும் மேடைக் குறிப்புகளும் மட்டுமே இருந்தன. நான் மேலே சொன்ன உரைநடைப் பகுதிகள் இல்லை. விற்பனைப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே வாங்க நினைப்பவர்கள் முதல் அங்கத்தின் சில பக்கங்களையாவது பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. நாகர்கோவிலில் ஆங்கில நாடக நூல்கள் கடையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கும்படி கிடைப்பது அரிது என்பதால், இணையத்தில் மாதிரிப் பக்கங்கள் காட்டும் இடமாகப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

தக்கலையிலும் குழித்துறையிலும் வட்ட அலுவலகங்களில் மனுக்களைப் படித்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். இலக்கிய விமர்சகர்கள் இந்நாடகத்தைப் பற்றி எழுதியவற்றுள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். அவர்களில் பலர் சேலத்தின் சூனிய விசாரணைகளுக்கும் 1950-களில் வாஷிங்டனில் நடந்த கம்யூனிஸ்டு வேட்டைக்கும் இடையிலுள்ள ஒப்புமையையே பெரிதாகப் பேசுகிறார்கள். அந்த ஒப்புமை முக்கியமானதுதான். ஆனால் என்னைப் போன்றவனுக்கு இந்த நூல் முதலில் மனுக்களைப் பற்றிய நூல். யார் எழுதினார், யார் கையெழுத்திட்டார், யார் மேல் எழுதினார், அவர் போய்விட்டால் அந்த நிலம் யாருக்கு என்பதைப் பற்றிய நூல்.

வரலாற்றுச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1692-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்று ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸில், சேலம் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸின் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு விளங்காத நோய் கண்டது. சூனியம் என்று முடிவாயிற்று. சிறுமிகள் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 14 பேர் பெண்கள், 5 பேர் ஆண்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர், குற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ வாய் திறக்காததால், நெஞ்சின் மேல் கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். சிறையிலேயே இறந்தவர்களும் உண்டு. சாட்சி சொன்ன பெண்ணுக்கு மட்டும் தெரிந்த ஆவியுருவம், வேறு எவர் கண்ணுக்கும் தெரியாத உருவம், நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலான கொடுமை ஒன்று உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, கூட இருந்தவர்களின் பெயரையும் சொன்னவர்கள் தூக்குக்குப் போகவில்லை. பொய் சொல்ல மறுத்தவர்களே போனார்கள்.

இந்த இடத்தில்தான் மில்லர் தம் காலத்தைக் கண்டார். 1915-இல் நியூயார்க்கில் போலந்து வழி யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1949-இல் அரங்கேறிய நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு பெற்று, அமெரிக்காவின் முதன்மையான நாடகாசிரியர்களுள் ஒருவராக இருந்தார். 1950 பிப்ரவரியில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி அமெரிக்க வெளியுறவுத் துறைக்குள் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகப் பட்டியலோடு கிளம்பினார். அதற்கு முன்பிருந்தே, 1938-இல் அமைக்கப்பட்ட அமெரிக்க விரோதச் செயல்கள் குறித்த கீழவைக் குழு, எழுத்தாளர்களையும் நடிகர்களையும் அழைத்து விசாரித்துக்கொண்டிருந்தது. குழுவுக்கு முன் நின்றவரிடம், அவர் எப்போதோ கட்சிக் கூட்டத்துக்குப் போனாரா என்ற கேள்வியோடு விசாரணை முடிவதில்லை. கூடப் போனவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். பெயர்களில் பெரும்பாலானவை குழுவிடம் ஏற்கெனவே இருந்தவைதாம். தகவல் வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை; வருந்தித் திருந்தியதற்கு அடையாளமாக, நண்பனைக் காட்டிக்கொடுக்கும் அந்தச் சடங்கு வேண்டும் என்பதற்காகக் கேட்டார்கள்.

1952 ஏப்ரலில், மில்லரின் இரண்டு பெரிய நாடகங்களை இயக்கிய எலியா கசான் அந்தக் குழுவின் முன் எட்டுப் பெயர்களைச் சொன்னார். சேலத்தின் நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்கப் புறப்பட்ட மில்லர், வழியில் கசானின் வீட்டில் தங்கி அவர் வாயாலேயே அதைக் கேட்டார். தம் தன்வரலாற்றில் அந்தச் சந்திப்பைப் பற்றி எழுதும்போது, தாமும் அந்தப் பழைய கூட்டத்தில் இருந்திருந்தால் நண்பர் தம் பெயரையும் சொல்லியிருப்பார் என்று அப்போதே உணர்ந்ததாகக் குறிப்பிடுகிறார். அங்கிருந்து நேராக சேலத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு, 1953 ஜனவரி 22 அன்று, நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது.

இனி, நான் சொன்ன உரைநடைப் பக்கங்கள். தாமஸ் புட்னம் என்பவர் ஊரின் பெரிய நிலக்காரர். தம் தந்தை எழுதிய உயில் மாற்றாந்தாய் மகனுக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டது என்று அதை உடைக்க வழக்காடித் தோற்றவர். மனைவி வழி உறவினரைப் போதகராக்கப் பார்த்து, ஊரில் ஒரு தரப்பார் தடுத்துவிட்டதால் அவமானப்பட்டவர். தடுத்தவர்களுள் நர்ஸ் குடும்பமும் உண்டு. அதே நர்ஸ் குடும்பத்துக்கும் அவருக்கும் எல்லைத் தகராறும் உண்டு. இதையெல்லாம் மில்லர் ஆற அமரச் சொல்லிவிட்டுப் பிறகு கதையைத் தொடர்கிறார். சில பக்கங்கள் கழித்து, 71 வயது ரெபெக்கா நர்ஸ் மீது புட்னம் குடும்பத்தார் சூனியக் குற்றம் சாட்டும்போது வாசகருக்கு வியப்பு வருவதில்லை, வயிற்றைக் கலக்குகிறது.

வட்ட அலுவலகத்தில் தபால் பிரிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் மேல் மொட்டைக் கடுதாசி வந்தால், அதில் என்ன குற்றம் சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அவருடைய நிலத்துக்கு நான்கு எல்லையிலும் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். மில்லர் 1692-ஆம் ஆண்டின் ஆவணங்களைப் படித்தது அப்படித்தான். முதல் அங்கத்திலேயே அழகான ஒரு சிறு சண்டை வருகிறது. நாடகத்தின் நாயகரான விவசாயி ஜான் பிராக்டர் தம் மரத்தடிகளை இழுத்துப்போகப் புறப்படும்போது, அந்த மரம் தம் நிலத்தைச் சேர்ந்தது என்கிறார் புட்னம். ரெபெக்காவின் கணவர் பிரான்சிஸ் நர்ஸிடமிருந்து அந்த நிலத்தை விலைக்கு வாங்கியதாகப் பிராக்டர் சொல்ல, பாட்டனார் உயிலில் அது தமக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று புட்னம் மறுக்க, தமக்குச் சொந்தமில்லாத நிலத்தை உயிலில் எழுதிவைப்பது புட்னத்தின் பாட்டனாருக்குப் பழக்கம் என்று பிராக்டர் போட்டு உடைக்கிறார்; அருகில் நிற்கும் ஜைல்ஸ் கோரி அதை ஆமோதிக்கிறார். நம் பக்கத்தில் எந்தத் தேநீர்க் கடையிலும் காதில் விழக்கூடிய பேச்சு. அதே மாடியறையில் நினைவின்றிக் கிடக்கும் சிறுமிக்கும் இந்த மரத்தடிக்கும் அந்தக் கணத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. மூன்றாம் அங்கத்துக்குள் இரண்டும் ஒரே வழக்காகிவிடுகின்றன.

மில்லர் தம் காலத்தின் அச்சத்திலிருந்து எடுத்துக்கொண்ட உண்மையான பாடம் இதுதான் என்று நான் கருதுகிறேன். அரசு ஒரு பேயை அறிவிக்கிறது. அந்தப் பேயை நம்புகிறவர்கள் சிலர், பயப்படுகிறவர்கள் பலர். ஆனால் அதை ஊர் முழுவதும் சுமந்து செல்கிறவர்கள், பழைய கணக்கைத் தீர்க்கக் காத்திருந்தவர்கள். நேற்று வரை பொறாமை என்று தமக்கே வெட்கமாக இருந்த ஒன்றை, இன்று கடமை என்ற பெயரில் தலைநிமிர்ந்து செய்ய முடிகிறது. நிலத்தாசை அறத்தின் மேடைக்கு உயர்த்தப்பட்டது என்ற பொருளில் மில்லர் இதையே முதல் அங்கத்தில் எழுதுகிறார். அவர் யாருக்கும் விலக்குத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சூனியத்தைக் கண்டறிய வெளியூரிலிருந்து அழைக்கப்பட்ட போதகர் ஹேல் நுழையும் இடத்தில் வரும் நீண்ட குறிப்பில், கம்யூனிச நாடுகளில் எதிர்ப்பவர் எல்லாம் முதலாளித்துவத்தின் கையாள் ஆவதையும், அமெரிக்காவில் மாற்றுக் கருத்துள்ளவர் எல்லாம் சிவப்பு நரகத்தின் கூட்டாளி ஆவதையும் பக்கத்தில் பக்கமாக வைக்கிறார்.

மூன்றாம் அங்கத்தின் மனுக் காட்சியைத் தனியாகப் பேச வேண்டும். தம் மனைவியும் பிராக்டரின் மனைவியும் கோரியின் மனைவியும் நல்லவர்கள் என்று சாட்சி சொல்லி, நிலம் உள்ள, சபையில் பெயர் உள்ள 91 பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறார் பிரான்சிஸ் நர்ஸ். வீடு வீடாக ஏறி இறங்கி, இதனால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது என்று வாக்குக் கொடுத்து வாங்கிய கையெழுத்துகள் அவை. துணை ஆளுநர் டான்போர்த் தாளை வாங்கிப் பார்க்கிறார். இவர்களை எல்லாம் அழைத்து விசாரிக்க வேண்டும் என்று போதகர் பாரிஸ் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். 91 பேருக்கும் பிடியாணை எழுத உத்தரவாகிறது. மனுவைக் கொடுத்த கிழவர் திகைத்து நிற்கிறார். நல்ல மனசாட்சி உள்ளவர்களுக்கு அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று அவருக்கு ஆறுதலும் சொல்லப்படுகிறது.

இந்த ஒரு பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு மனுவில் கையெழுத்துகள் கூடினால் அதற்கு வலிமை கூடும் என்பது மனு எழுதுகிற எல்லோருடைய நம்பிக்கை. அச்சம் ஆளும் இடத்தில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. கையெழுத்துப் பட்டியல் அப்படியே குற்றவாளிப் பட்டியலாகிவிடுகிறது. உண்மையான வரலாற்றில் ரெபெக்கா நர்ஸுக்காக 39 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று இருந்தது. அதை 91 ஆக்கியதும், மனுவே பொறியாக மாறும்படி அமைத்ததும் மில்லரின் கற்பனை. 1950-களில் அமைதிக்கான வேண்டுகோளிலோ, எப்போதோ ஒரு நிதி திரட்டும் கடிதத்திலோ போட்ட கையெழுத்துக்காக வேலை இழந்தவர்களை அவர் தம்மைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வரலாற்றைத் திருத்திய இடம்தான் நாடகத்தில் தம் காலத்துக்கு மிக நெருக்கமான இடமாகவும் அமைந்திருக்கிறது.

அதே காட்சியில் ஜைல்ஸ் கோரி வருகிறார். வாழ்நாளில் 33 முறை நீதிமன்றம் ஏறியதாகவும், ஒவ்வொரு முறையும் வாதியாகவே ஏறியதாகவும் பெருமை பேசுகிற கிழவர். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு. அலுவலகத்தில் நுழைந்தாலே எழுத்தர்கள் கோப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள். அவர் ஒரு சரியான புள்ளியைப் பிடித்திருக்கிறார். சூனியக் குற்றத்துக்குத் தூக்கிலிடப்படுகிறவரின் சொத்து பறிமுதலாகும்; அவ்வளவு பெரிய நிலத்தை ஏலத்தில் எடுக்கப் புட்னம் ஒருவரிடமே பணம் இருக்கிறது. புட்னமே இதைச் சொல்லக் கேட்ட ஒருவர் கோரியிடம் வந்து சொல்லியிருக்கிறார். யார் அவர் என்று கேட்கிறது நீதிமன்றம். பெயரைச் சொன்னால் அவரும் சிறைக்குப் போவார் என்பது கோரிக்குத் தெரியும். சொல்ல மறுக்கிறார். நீதிமன்ற அவமதிப்பு என்று அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு கற்களின் கீழ் அவர் வாய் திறக்காமல் இறந்தது, நிலம் தம் மகன்களுக்குச் சேர வேண்டும் என்பதற்காகவே என்று நான்காம் அங்கத்தில் பிராக்டரின் மனைவி எலிசபெத் சொல்கிறாள். வரலாற்றாசிரியர்கள் இந்த விளக்கத்தை முழுவதுமாக ஏற்பதில்லை. நாடகத்துக்கு அது பொருந்துகிறது.

நாடகம் அரங்கேறி மூன்று ஆண்டுக்குப் பின், 1956 ஜூன் 21 அன்று, மில்லரே அந்தக் கீழவைக் குழுவின் முன் அழைக்கப்பட்டார். தம்மைப் பற்றிக் கேட்டவற்றுக்குப் பதில் சொன்னார். மற்றவர்களின் பெயரைச் சொல்ல மறுத்தார். 1957-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸை அவமதித்த குற்றத்துக்கு 500 டாலர் அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட 30 நாள் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டன. 1958-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தாயிற்று. கோரிக்கு எழுதிக்கொடுத்த பதிலை ஆசிரியரே நேரில் போய்ச் சொல்ல நேர்ந்தது என்பதை அறிந்துகொண்டு படித்தால், அந்தக் காட்சியின் கனம் கூடுகிறது. இதற்கிடையில், 1954-இல் பிரசல்ஸில் இதே நாடகத்தின் அரங்கேற்றத்துக்குப் போக அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டிருந்தது.

குமரி மாவட்டத்து வாசகர், குறிப்பாகத் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர், இந்நூலுக்குள் மற்றவர்களைவிட எளிதாக நுழைந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து மயிலாடியில் ஊழியம் தொடங்கிய காலத்திலிருந்து தென் திருவிதாங்கூரில் பணியாற்றிய லண்டன் மிஷன், பெரும்பாலும், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தவர்களால் நடத்தப்பட்டது. மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்களும் அதே மரபின் முன்னோர்கள். ஆகவே சபைக் கூட்டத்தில் போதகரின் சம்பளத்தைப் பற்றி எழும் சச்சரவு, திருவிருந்துக்குத் தகுதியற்றவர் என்று ஒருவரை விலக்கி வைப்பது, ஞாயிறு வராதவரைக் குறித்துவைப்பது ஆகியவற்றுக்கு இங்கே அடிக்குறிப்புத் தேவையில்லை. தமக்குத் தர வேண்டிய விறகுக்காக மல்லுக்கட்டும் பாரிஸிடம், போதகர் வீட்டுக்கே பத்திரம் கேட்ட முதல் போதகர் நீர்தான் என்று பிராக்டர் குத்திக்காட்டும் இடத்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

இரண்டாம் அங்கத்தில் ஹேல், பிராக்டரிடம் பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொல்கிறார். ஓய்வுநாள் பள்ளியில் வரிசையாக நின்று ஒப்பித்த எவருக்கும் அந்தப் பதற்றம் தெரியும். பிராக்டர் விரல்விட்டு எண்ணுகிறார், ஒன்றை இருமுறை சொல்கிறார், ஒன்று குறைகிறது. விபசாரம் என்று மனைவி மெல்ல எடுத்துக் கொடுக்கிறாள். அவர் மறந்ததும் அதைத்தான், செய்ததும் அதைத்தான். அந்த வீட்டில் மூவருமே அதைக் கடந்து போகப் பார்க்கிறார்கள். அச்சம் நுழைய ஒரு துளை போதும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சியை நான் படித்ததில்லை.

இங்கே ஓர் ஒப்பீட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துன்புறுத்தப்பட்டவரை மேடையேற்றும் மரபு நமக்கும் உண்டு. 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கதை, கடல் கடந்து யாழ்ப்பாணம் வரை கூத்தாக ஆடப்பட்டது. அத்தகைய நாடகங்களில் நாயகர் தொடக்கத்திலிருந்தே மாசற்றவர். அவருடைய உறுதி மேலும் மேலும் சோதிக்கப்படுகிறது, பார்ப்பவர் கண்ணீரோடு கைகூப்புகிறார். மில்லர் வேறு வழியில் போகிறார். பிராக்டர் தம் வீட்டு வேலைக்காரப் பெண் அபிகேலோடு தவறு செய்தவர். தம்மைப் பற்றித் தமக்கே நல்லெண்ணம் இல்லாதவர். பொய்யான ஒப்புதலில் கையெழுத்தும் போட்டுவிடுகிறார். அதைக் கோயில் கதவில் ஒட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கொடுக்க மறுக்கிறார். தம் பாவத்தைச் சொல்வதற்கு அவர் இணங்கினாலும், மற்றவர்களின் பெயரைச் சொல்ல இணங்கவில்லை. தாளைக் கிழித்துத் தூக்குமேடைக்குப் போகிறார். புனிதரைப் பார்த்து வணங்கலாம். இந்த மனிதரைப் பார்க்கும்போது, நாம் எந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்போம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. அரசியல் அச்சத்தைப் பற்றி எழுத அப்படிப்பட்ட நாயகரே ஏற்றவர் என்று மில்லர் முடிவு செய்தது சரி.

1953 ஜூன் 19 அன்று, அணு இரகசியங்களைச் சோவியத் நாட்டுக்குக் கொடுக்கச் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்ட ரோசன்பர்க் தம்பதியர் மின் நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். அந்த நேரத்தில் நாடகம் நடந்துகொண்டிருந்ததாகவும், பிராக்டரின் முடிவுக்குப் பிறகு பார்வையாளர்கள் எழுந்து தலைகுனிந்து நின்றதாகவும் மில்லர் பதிவு செய்திருக்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில், நம் மாவட்டம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள் இருந்தபோது, அதே மாநிலத்தில் மலையாள நாடகாசிரியர் தோப்பில் பாசி தலைமறைவாக இருந்துகொண்டு சோமன் என்ற புனைபெயரில் நாடகம் எழுதினார். 1952 டிசம்பரில் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ (நீங்கள் என்னைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்) என்ற பெயரில் அது அரங்கேறியது, 1953-இல் தடை செய்யப்பட்டது, தடை நிலைக்கவில்லை. இங்கே கம்யூனிஸ்டு தன் பெயரை மறைத்துக்கொண்டு எழுதினார். அங்கே கம்யூனிஸ்டு அல்லாதவர் மற்றவர்களின் பெயரை மறைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். சென்னை மாநிலத்தில் நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1954-இல் வந்தது என்பதையும், அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல்தான் செல்லாது என்று அறிவித்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மேடையைக் கண்டு அரசுகள் கொண்ட பயம் எவ்வளவு காலம் நீடித்தது என்பது தெரியும்.

குறைகளும் உண்டு. பெரியது, குற்றம் சாட்டும் பெண்களுக்குத் தலைவியான அபிகேல். வரலாற்றில் அபிகேல் வில்லியம்ஸுக்கு 11 அல்லது 12 வயது. ஜான் பிராக்டருக்கு 60 வயது. மில்லர் அவளை 17 வயதுப் பெண்ணாகவும் அவரை முப்பதுகளின் நடுவில் உள்ளவராகவும் மாற்றி, இருவருக்கும் இடையே ஓர் உறவைப் புகுத்தினார். வயதை உயர்த்தியதையும், நீதிபதிகள் பலரை இருவருக்குள் அடக்கியதையும் நூலின் தொடக்கத்தில் உள்ள வரலாற்றுக் குறிப்பில் அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். ஆயினும் விளைவு சங்கடமானது. நில வழக்கு, சபைப் பிளவு, நீதிபதியின் அகந்தை என்று இவ்வளவு கவனமாகக் கட்டிய அடித்தளத்தின் மேல், கடைசியில் பழி பெருமளவுக்கு ஒரு வேலைக்காரப் பெண்ணின் ஆசையின் மேல் இறங்கிவிடுகிறது. பெண்ணாசையால் ஊர் அழிந்தது என்ற பழைய கதை மேடையில் எடுபடும். உரைநடைப் பக்கங்களில் மில்லர் தாமே சொன்ன நுட்பமான உண்மைக்கு அது ஒரு படி கீழானது. முதலில் பிடிபட்டு, அடிக்குப் பயந்து முதலில் ஒப்புக்கொள்ளும் அடிமைப் பெண் டிடுபாவுக்கும் ஆசிரியர் போதிய கவனம் தரவில்லை. பிராக்டருக்குக் கிடைத்த அகவுலகில் கால் பங்காவது அவளுக்குக் கிடைத்திருக்கலாம்.

சூனியக்காரிகள் என்று யாரும் இருந்ததில்லை, கம்யூனிஸ்டுகள் இருந்தார்களே, எனவே ஒப்புமை தவறு என்று அன்றே சிலர் வாதிட்டார்கள். 1692-இல் படித்தவர்களும் சட்டம் அறிந்தவர்களும் சூனியக்காரிகள் இருப்பதை ஐயமின்றி நம்பினார்கள் என்பது மில்லரின் பதில். சூனியக்காரியை உயிரோடு விடக்கூடாது என்னும் யாத்திராகம வசனம் அவர்களுக்குச் சட்டமாகவே இருந்தது. இந்தப் பதில் எனக்குப் போதுமானதாகப் படுகிறது. பேய் உண்டா இல்லையா என்பதை விட்டுவிட்டு, மறுத்தவனுக்குத் தூக்கும் ஒப்புக்கொண்டவனுக்கு விடுதலையும் தரும் விசாரணை எப்படிப்பட்டது என்று பார்க்கச் சொல்கிறது நாடகம். சீனப் பண்பாட்டுப் புரட்சியின்போது ஆறரை ஆண்டு தனிச்சிறையில் வைக்கப்பட்ட நியென் செங், பிற்பாடு ஷாங்காயில் இந்நாடகத்தைப் பார்த்துவிட்டு, இதைச் சீனர் அல்லாத ஒருவர் எழுதியிருக்க முடியும் என்று நம்ப முடியவில்லை என்று மில்லரிடம் சொன்னார். அவரை விசாரித்தவர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்டிருந்தார்கள்.

மொழி சற்றுக் கடினம். 17-ஆம் நூற்றாண்டின் ஆவணங்களைப் படித்து அந்தப் பேச்சின் சாயலில் மில்லர் ஒரு நடையை உருவாக்கிக்கொண்டார். வினைச்சொற்கள் பழகிய இடத்தில் நிற்பதில்லை. பள்ளிப் பதிப்புகளைப் போலப் பக்கந்தோறும் அருஞ்சொல் விளக்கத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம். மெதுவாகவும், முடிந்தால் வாய்விட்டும் படித்தால் இரண்டாம் அங்கத்துக்குள் பழகிவிடும். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிப்பவர்களுக்கு முன்னுரை பயன்படும். மற்றவர்கள் அதைக் கடைசியில் படிப்பது நல்லது, கதை முழுவதும் அதில் வெளிப்பட்டுவிடுகிறது. நூல் மெலிந்தது, இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். வாசகர் வட்டங்கள் மூன்றாம் அங்கத்தை மட்டும் பாத்திரம் பிரித்து உட்கார்ந்து படிக்கலாம். மேடையோ உடையோ வேண்டாம். டான்போர்த்தாகப் படிப்பவர் மட்டும் குரலை உயர்த்தாமல் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர் கத்தினால் காட்சி கெட்டுவிடும்.

பின்னிணைப்பாக ஒரு காட்சி சேர்க்கப்பட்டிருக்கிறது. விசாரணைக்கு முந்திய இரவில் பிராக்டரும் அபிகேலும் காட்டில் சந்திப்பது. 1953-இல் நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோது மில்லர் அதைச் சேர்த்தார். பிறகு நாடகத்தின் உடலிலிருந்து விலக்கினார். அபிகேலின் மனநிலையை அது அளவுக்கு மீறி விளக்கிவிடுகிறது. இரண்டாம் அங்கம் முடிந்தவுடன் அதைத் தேடிப் போகாமல், நான்காம் அங்கத்தையும் முடித்துவிட்டுப் படியுங்கள்; அதை நீக்கியது சரி என்றே உங்களில் பெரும்பாலோர் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன்.